பழைய ரயில் யார்டுக்கு வரலாற்றுக் குறிப்புக்கல் வைப்பது எப்படி? வட ஆர்க்காட்டுப் பகுதிக்கான ஒரு வழிகாட்டி

அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்னும் மூன்று சந்திப்புகளும் வாலாஜா ரோடு, வேலூர் கன்டோன்மென்ட் போன்ற நிலையங்களும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் ரயில்வே வரலாற்றைத் தாங்கி நிற்பவை. நீராவி எஞ்சின் போய், மீட்டர் கேஜ் எனப்படும் குறுகிய பாதையும் போன பிறகு, இவற்றின் யார்டுகளில், அதாவது எஞ்சின்களையும் பெட்டிகளையும் நிறுத்திப் பராமரித்த வளாகங்களில், எது எங்கே இருந்தது என்பதைச் சுட்டிக்காட்டக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். பாதை எந்த ஆண்டில் வந்தது என்பதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். எஞ்சின் தண்ணீர் பிடித்த தூண் எந்த இடத்தில் நின்றது என்பதை அந்த இடத்தில் நிற்கும் கல்லால்தான் சொல்ல முடியும். ஆகவே குறிப்புக்கல்லின் முதல் வேலை இடத்தை உறுதிப்படுத்துவதே. ஆண்டும் பெயரும் அதற்குத் துணையாக வருபவை. உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் சங்கங்கள், நகராட்சி உறுப்பினர்கள் ஆகியோர் இத்தகைய கற்களை வைக்க முற்படும்போது என்ன வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

யார்டைப் படித்தல்

யார்டு ஏன் அந்த ஊரில் அமைந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காத வரை, எதற்குக் கல் வைப்பது என்று முடிவு செய்ய முடியாது. நீராவி எஞ்சினுக்குக் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை தண்ணீரும் நிலக்கரியும் தேவைப்பட்டன. நெருப்புப் பெட்டியின் சாம்பலைத் தட்ட வேண்டியிருந்தது. ஓட்டுநரும் ஃபயர்மேனும் மாற வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 69 கிலோமீட்டரில் அரக்கோணம், 130 கிலோமீட்டரில் காட்பாடி, 213 கிலோமீட்டரில் ஜோலார்பேட்டை என்னும் அமைப்பை இந்தத் தேவைகளோடும், அங்கே பிரிந்த கிளைப் பாதைகளோடும் சேர்த்துப் பார்த்தால் யார்டின் காரணம் புலப்படும். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்ப் பாதை 1864இல் திறக்கப்பட்டது. சமவெளியில் வந்த வண்டிகள் மைசூர் பீடபூமிக்கு ஏறத் தொடங்கும் இடம் அது. ரயில் வந்த பிறகே ஊராக வளர்ந்த ஜோலார்பேட்டையில், யார்டின் வரலாறும் ஊரின் வரலாறும் வேறு வேறு அல்ல. 2019 ஜூலையில் சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்துக்காக, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிய ரயில் புறப்பட்டதும் இதே ஊரிலிருந்துதான். நீராவிக் காலத்தோடு வரலாறு முடிந்துவிட்டதாக நினைக்கும் குழுக்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பிறகு, யார்டில் இருந்த உறுப்புகளைத் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்: லோகோ ஷெட் (எஞ்சின் கொட்டகை), எஞ்சினைத் திருப்பும் டர்ன் டேபிள் அல்லது முக்கோணப் பாதை, நிலக்கரி மேடை, சாம்பல் குழி, தண்ணீர்த் தொட்டி, தண்ணீர்த் தூண், கேபின் (சிக்னலையும் பாதை மாற்றத்தையும் இயக்கிய அறை), சரக்குக் கொட்டகை, ரன்னிங் ரூம் (ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் விடுதி), இன்ஸ்டிடியூட் (ஊழியர் மன்றம்), குடியிருப்புகள். ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே இன்று அங்கே என்ன உள்ளது என்பதையும் குறிக்க வேண்டும். டர்ன் டேபிளின் வட்டக் குழி மண் மூடிய பிறகும் நிலத்தில் ஒரு வளைவாகத் தெரியக்கூடும். மழை பெய்த மறுநாள் அது இன்னும் தெளிவாகப் புலப்படும். வான்வழிப் படங்களிலும், பழைய பாதையின் வளைவு வீட்டு மனைகளின் எல்லைக் கோடாகவே உறைந்துபோய் நிற்பதைப் பார்க்கலாம்.

இந்த வேலையை யார்டுக்குள் இறங்கிச் செய்யக் கூடாது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி ரயில்வே நிலத்தில் நுழைவது ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். கைவிடப்பட்டது போல் கிடக்கும் ஃபிஷ் பிளேட்டையோ (தண்டவாளங்களை இணைக்கும் இரும்புப் பட்டை) பழைய விளக்கையோ காட்சிக்கு வைக்கலாம் என்று எடுத்து வருவது அதைவிடச் சிக்கலானது. 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டத்தின் கீழ் அதற்கு வழக்குத் தொடரலாம். நடைமேம்பாலம், லெவல் கிராசிங், பொதுச் சாலை ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். மற்றவற்றுக்கு முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும்.

காகிதங்களைத் தேடும் இடங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான். இன்றைய மாவட்டப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் பாதி ஆவணங்கள் கண்ணில் படாது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். அந்த ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமான பிறகே வேலூர் தலைமையிடமானது. திருப்பத்தூர் வட்டம் அதுவரை சேலம் மாவட்டத்தில் இருந்ததால், ஜோலார்பேட்டையின் முதல் ஐம்பது ஆண்டுகளுக்கான வருவாய்த் துறைக் காகிதங்களைச் சேலத்தின் பெயரில் தேட வேண்டும். 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. அரக்கோணமும் வாலாஜாவும் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளன.

ரயில்வேக் கம்பெனிகளின் பெயர்களும் இதே போல் மாறியவை. அகலப் பாதையை அமைத்தது மெட்ராஸ் ரயில்வே. 1908இல் அது மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயில் சேர்ந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர் வழியாகப் பாகாலா சென்ற மீட்டர் கேஜ் பாதையும், செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் வந்த மீட்டர் கேஜ் பாதையும் சவுத் இந்தியன் ரயில்வேயைச் சேர்ந்தவை. 1951 ஏப்ரல் 14இல்தான் இவை தென்னக ரயில்வேயின் கீழ் வந்தன. ஆகவே காட்பாடியில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கம்பெனிகளின் கட்டடங்கள் இருந்திருக்கும்; எந்தக் கட்டடம் எவருடையது என்று பார்க்காமல் எழுதுவது, பக்கத்து வீட்டுப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வரி கட்டப் போவது போன்றது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணித் துறையின் ரயில்வே நடவடிக்கைக் குறிப்புகளிலும் நில எடுப்பு அரசாணைகளிலும் தொடங்கலாம். 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்து, பின்னர் ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்திய வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு, அன்றைய நிலையங்களையும் சாலைகளையும் சேர்த்துப் புரிந்துகொள்ள உதவும். கன்னிமாரா நூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களைத் தேடலாம். சர்வே ஆஃப் இந்தியாவின் ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடங்களில் பாதையும் தொட்டிகளும் கிளைகளும் தெரியும். இரு வேறு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எது எப்போது மறைந்தது என்பதற்கான கால எல்லை கிடைத்துவிடும்.

உள்ளூரிலேயே கிடைக்கும் மிக வலுவான சான்று நில ஆவணம். கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புலத்தின் அளவு வரைபடம்), 'அ' பதிவேடு (புல எண் வாரியான நிலப் பதிவேடு) ஆகிய மூன்றையும் எடுத்தால், ரயில்வே நிலம் எந்தப் புல எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்பது தெரியும். பழைய கிளைப் பாதை ஓடிய நிலம், தண்டவாளம் அகற்றப்பட்ட பின்னும், நீண்டு குறுகிய புலமாகப் படத்தில் நீடிப்பது வழக்கம். இவற்றின் நகல்கள் வட்டாட்சியர் அலுவலகத்திலும், பெருமளவு இணையவழியிலும் கிடைக்கின்றன.

ரயில்வே கோட்ட அலுவலகத்தில் உள்ள யார்டு பிளானைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கான கெடு முப்பது நாள். இயங்கும் யார்டின் படத்தைப் பாதுகாப்பு காரணம் சொல்லி மறுக்க இடமுண்டு. எனவே கேள்வியை, மூடப்பட்ட மீட்டர் கேஜ் பகுதிக்கும் இடிக்கப்பட்ட லோகோ ஷெட்டுக்கும் மட்டும் சுருக்கிக் கேட்பது பயன் தரும். இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலை மறுப்பதற்கான காரணங்களைச் சட்டத்தின் 8(3) பிரிவு பெரிதும் குறைத்துவிடுகிறது என்பதையும் மனுவில் குறிப்பிடலாம். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை ஆகியவை சென்னைக் கோட்டத்தையும், வேலூர் கன்டோன்மென்ட் திருச்சிக் கோட்டத்தையும் சேர்ந்தவை என்பதை மனு அனுப்பும் முன் கவனிக்க வேண்டும்.

இரும்பு சொல்வதும் ஆட்கள் சொல்வதும்

பழைய தண்டவாளத் துண்டுகள் வேலிக் கம்பங்களாகவும், கொட்டகைத் தூண்களாகவும் ரயில்வே காலனிகளைச் சுற்றி இன்றும் நிற்கின்றன. அவற்றின் நடுப்பட்டையைத் துணியால் துடைத்து, மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் பார்த்தால், உருட்டிய ஆலையின் பெயர், ஆண்டு, ஒரு கெஜத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் எடை ஆகியவை புடைத்த எழுத்தில் தெரியக்கூடும். சுண்ணாம்போ பெயின்டோ பூசியிருந்தால் மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கலாம், சுரண்டக் கூடாது. ஆனால் இந்த ஆண்டு தண்டவாளம் உருட்டப்பட்ட ஆண்டே தவிர, பாதை போடப்பட்ட ஆண்டு அன்று. முதன்மைப் பாதையில் தேய்ந்த தண்டவாளத்தைக் கழற்றி யார்டுக்கும், யார்டிலிருந்து கழித்ததை வேலிக்கும் கொண்டுபோவதே ரயில்வேயின் வழக்கமாதலால், வேலியில் நிற்கும் தண்டவாளம் வேறொரு மாவட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம். கல்லில் இந்த ஆண்டை எழுதிவிடாமல், கோப்பில் மட்டும் வைத்துக்கொள்வதே முறை.

ஓய்வுபெற்றவர்களிடம் பேசும்போது, 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். டியூட்டிக்கு எந்த வாசல் வழியாகப் போனீர்கள், கையெழுத்துப் போட்ட இடம் எது, இரவில் எழுப்ப வந்த கால் பாய் எந்தத் தெருவிலிருந்து வருவார், ஓட்டுநரின் பயணப் பெட்டியான லைன் பாக்ஸை எங்கே இறக்கி வைப்பார்கள், சாம்பல் தட்டியவர்கள் எங்கே குளித்தார்கள் என்று இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். முடிந்தால் கிராம வரைபடத்தின் பெரிய நகலை முன்னால் விரித்து, அவர்கள் கையாலேயே புள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். இருவர் தனித்தனியாக வைத்த புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்தால் அதை நம்பலாம். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால், மூத்தவர் சொன்னதையே இளையவரும் ஆமோதித்துவிடுவார் என்பதால் தனித்தனியாகவே கேட்க வேண்டும்.

ஓட்டுநர்களோடு நின்றுவிடவும் கூடாது. யார்டை நடத்தியவர்களில் பாதை மாற்றும் பாயின்ட்ஸ்மேன், தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன், உதவி வேலை செய்யும் கலாசி, நிலக்கரி சுமந்தவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோரே மிகுதி. அரக்கோணத்திலும் ஜோலார்பேட்டையிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ரயில்வே வாழ்வின் பெரும் பகுதியாக இருந்தன. அவர்களுடைய தேவாலயப் பதிவேடுகளும் கல்லறைக் கல்வெட்டுகளும் பெயர், தொழில், ஆண்டு மூன்றையும் ஒருங்கே தருபவை. குடியிருப்புகள் பதவி வாரியாகப் பிரிந்திருந்ததை மறைத்து எழுதுவதும், 1974 மே 8 முதல் 27 வரை நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தைச் சங்கடமான விஷயம் என்று ஒதுக்குவதும் கல்லைப் பயனற்றதாக்கிவிடும். யார்டு தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் அவரே முதலில் எடுப்பது அந்த இருபது நாள்களைத்தான்.

வாசகம் எழுதுதல்

இதற்கு இப்பகுதியிலேயே மிகச் சிறந்த முன்மாதிரி உண்டு. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த நாட்டில் எந்த ஊர், என்ன பூசல், அதில் பட்டவன் பெயர் என்ன என்பவை மட்டும் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. தொறு (கால்நடைக் கூட்டம்) மீட்டு மாண்ட வீரனைப் பற்றிக்கூட அடைமொழி மிகக் குறைவு. ரயில்வேக் கல்லிலும் 'புகழ்பெற்ற', 'பாரம்பரியமிக்க', 'காலத்தால் அழியாத' போன்ற சொற்கள் வந்தால் அவற்றை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தகவலைச் சேர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கல்லுக்கு ஒரு பொருள் போதும். அறுபது எழுபது சொற்களைத் தாண்டினால் நின்று படிப்பவர் பாதியில் நகர்ந்துவிடுவார். முதல் வாக்கியமே 'இங்கே', 'இந்தச் சுவருக்கு அப்பால்', 'எதிரே தெரியும் மேட்டில்' என இடத்தைச் சுட்ட வேண்டும்.

வாலாஜா ரோடு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, சென்னை ராயபுரத்திலிருந்து இப்பகுதி வரை 1856இல் திறக்கப்பட்டது. இதில் தவறிவிடக்கூடிய இடங்கள் மூன்று உள்ளன. முதலாவது, 'முதல் ரயில்' என்று எழுதினால் பிழை. 1837 வாக்கிலேயே சென்னைக்கு அருகே செங்குன்றத்தில் கல் ஏற்றுவதற்கான ரயில் பாதை இருந்தது. 'பயணிகள்' என்னும் சொல் விடுபடக் கூடாது. இரண்டாவது, ராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நாள் ஜூன் 28, பொதுப் போக்குவரத்து தொடங்கிய நாள் ஜூலை 1. கல்லில் எது எந்த நாள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது, அன்றைய ஆவணங்கள் பாதையின் முடிவிடத்தை ஆர்க்காடு என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் ஆர்க்காடு நகரம் பாலாற்றின் தென்கரையில் உள்ளது, பாதை வந்ததோ வடகரைக்கு. இவற்றைக் கருத்தில் கொண்டால் வாசகம் பின்வருமாறு அமையலாம்:

'சென்னை ராயபுரத்திலிருந்து வந்த தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 முதல் இந்நிலையம் வரை இயங்கியது. அன்றைய ஆவணங்களில் இந்த முடிவிடத்தின் பெயர் ஆர்க்காடு. ஆர்க்காடு நகருக்குச் செல்வோர் இங்கே இறங்கித் தெற்கே சென்று பாலாற்றைக் கடக்க வேண்டியிருந்தது. பாதையை அமைத்தது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி.'

'இந்நிலையம் வரை' என்பதற்குப் பதிலாக 'இந்த நடைமேடை வரை' என்று எழுத வேண்டுமானால், அன்றைய நடைமேடை இதே இடத்தில்தான் இருந்தது என்பதற்குத் தனியாகச் சான்று வேண்டும். சான்று எவ்வளவு துல்லியமோ அவ்வளவு துல்லியமாகவே இடச்சொல்லும் இருக்கலாம்.

காட்பாடிக்கு வேறு வகை வாசகம் பொருந்தும். 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையும் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜும் அங்கே சந்தித்தன. ஒன்றின் வேகன் மற்றொன்றில் ஓடாது என்பதால், ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்குப் போக வேண்டிய சரக்கை மூட்டை மூட்டையாக ஆட்கள் மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. இந்த இரண்டு அளவுகளையும் எண்ணில் எழுதுவதோடு நிறுத்தாமல், கல்லின் அடியில் தரையிலேயே இரண்டு இணைக்கோடுகளாகப் பதித்துவிட்டால், பள்ளிப் பிள்ளைகள் காலை வைத்தே வேறுபாட்டை அளந்துகொள்வார்கள். என் கருத்தில், இந்த மாவட்டத்தில் முதலில் வைக்க வேண்டிய கல் இதுதான். வேலூர் கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் செல்லும் பாதை 2010 வாக்கில் அகலப் பாதையாகிவிட்டதால், மீட்டர் கேஜைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை ஏற்கெனவே வளர்ந்துவிட்டது.

கல், எழுத்து, நிற்கும் இடம்

ஃபிளெக்ஸ் பலகை வேலூர் வெயிலில் ஓரிரு கோடைக்குள் வெளுத்துவிடும். பித்தளைத் தகடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். இப்பகுதியில் எளிதில் கிடைக்கும் கருங்கல்லே பொருத்தமானது. பளபளப்பு ஏற்றிய பரப்பில் வெயில் எதிரொளித்துக் கண் கூசும் என்பதால், பளபளப்பு ஏற்றாத பரப்பைக் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தைக் குறைந்தது இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டினால், பெயின்ட் போன பிறகும் படிக்கலாம். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து படிப்பதற்கு எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. புள்ளியும் சுழியும் நெருங்கி வரும் தமிழ் எழுத்துக்கு மெல்லிய எழுத்துரு ஆகாது. கல்தச்சரிடம் கொடுக்கும் முன், உண்மையான அளவில் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, முதியவர் ஒருவரையும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரையும் படிக்கச் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருதும், ரயில்வே காலனிகளில் ஆங்கிலமும் சேர்ப்பது முறை. ஆனால் தமிழ் வாசகத்தைச் சுருக்கி இடம் பிடிக்காமல், தனிக் கல்லாகவே வைக்கலாம்.

கல்லைச் செங்குத்தாக ஆளுயரத்துக்கு நிறுத்தினால் நம் ஊரில் இரண்டில் ஒன்று நடக்கும்: ஒன்று சுவரொட்டி ஒட்டுவார்கள், அல்லது மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றிவிடுவார்கள். இடுப்பு உயரத்தில் சரிவாகப் படுக்கவைத்த கல்லுக்கு இரண்டு ஆபத்தும் குறைவு. சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்க முடியும். திறப்பு விழாவுக்கு வந்தவர்களின் பெயர்களையும் நன்கொடையாளர் பெயர்களையும் கல்லின் பின்புறம் பொறிக்க வேண்டும். முன்புறத்தில் அவற்றுக்கு இடம் கொடுத்தால், வரலாறு மூன்று வரியாகவும் பெயர்ப் பட்டியல் பன்னிரண்டு வரியாகவும் ஆகிவிடும். இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைத்துவிடுவது பின்னர் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

அனுமதி

ரயில்வே நிலத்துக்குள் வைப்பதானால் கோட்ட ரயில்வே மேலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடத்தின் படம், கல்லின் அளவு, வாசகத்தின் முழு வரைவு, சான்றுகளின் நகல், பராமரிப்புப் பொறுப்பை ஏற்பவர் யார் என்னும் கடிதம் ஆகிய ஐந்தும் இணைந்த விண்ணப்பம் மேசையிலிருந்து மேசைக்கு நகரும். யார்டின் மதிலுக்கு வெளியே, நகராட்சிச் சாலை ஓரத்திலோ நூலகம், பள்ளி வளாகத்திலோ வைப்பது பல நேரங்களில் எளிது. அதற்கு நகராட்சி மன்றத் தீர்மானம் வேண்டும், ஊராட்சி என்றால் கிராம சபைத் தீர்மானம். நெடுஞ்சாலை ஓரமானால் நெடுஞ்சாலைத் துறையின் சம்மதமும், சாலை அகலப்படுத்தும் திட்டம் உள்ளதா என்னும் விசாரணையும் வேண்டும்.

வைத்த பிறகு

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கோப்பு இருக்க வேண்டும். கல்லில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதன் சான்று, எடுத்த இடம், பேசியவரின் ஒப்புதல், இருப்பிடத்தின் புல எண், நான்கு திசையிலிருந்து எடுத்த ஒளிப்படம் ஆகியவை அதில் சேர வேண்டும். ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்திலும், ஒன்று உள்ளூர்ப் பள்ளியிலும், ஒன்று குழுவிடமும் இருக்கட்டும். கைபேசியில் படிக்கும் குறியீட்டைக் கல்லில் பொறிப்பதாக இருந்தால், அதைத் தனித் தகட்டில் திருகி வைப்பது நல்லது. இணைய முகவரி மாறும்போது தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பின்னாளில் பிழை தெரிய வந்தால் எழுத்தைச் சிமென்டால் மூடக் கூடாது. கல்லின் கீழே நான்கு விரல் உயரத்துக்கு வெற்றிடம் முதலிலேயே விட்டுவைத்து, அங்கே திருத்தத்தையும் அதன் ஆண்டையும் பொறித்துவிட்டு, அதற்கான சான்றைக் கோப்பின் மூன்று பிரதிகளிலும் சேர்த்துவிட வேண்டும்.